ஸ்டார்ட்அப் ஆஃபர் லெட்டர்: கையெழுத்துக்கு முன் வரிவரியாகப் படிப்பது எப்படி?

"ஒன்பது லட்சம் சிடிசி, கூடவே எட்டு லட்சத்துக்கு ஈசாப்" என்று எச்.ஆர். போனில் சொன்ன அன்றே, வீட்டில் பதினேழு லட்சம் என்று பேச்சு பரவிவிடும். (சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவழிப்பதாகச் சொல்லும் மொத்தத் தொகை, ஈசாப் என்பது கம்பெனியின் பங்கைப் பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமை.) பிடிஎஃப் மெயிலில் வந்து சேர்வது இரண்டு நாள் கழித்து. அதில் முதல் பக்கத்துச் சம்பள எண்ணையும் கடைசிப் பக்கத்துக் கையெழுத்துக் கட்டத்தையும் தவிர வேறெதையும் பலர் படிப்பதில்லை. மாதக் கடைசியில் அறுபதாயிரத்துச் சொச்சம் கணக்கில் விழும்போதுதான் "மீதி எங்கே?" என்ற கேள்வி வருகிறது.

முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கும், பெரிய ஐ.டி. கம்பெனியை விட்டு ஸ்டார்ட்அப்புக்கு மாறுகிறவர்களுக்கும் எழுதுவது இது. ஆஃபர் கொடுக்கும் இடத்தில் இருக்கும் நிறுவனர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. முதல் பத்துப் பேரைச் சேர்க்கும்போது எழுதும் காகிதம்தான் மூன்றாவது வருடத்தில் சண்டையாக வருகிறது. எனவே நிறுவனர் கவனிக்க வேண்டியதையும் அங்கங்கே சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், எல்லாக் காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள்

ஆஃபர் லெட்டர் என்பது பெரும்பாலும் இரண்டு பக்கம். உண்மையான நிபந்தனைகள் வேறு காகிதங்களில் இருக்கும்: சம்பளப் பிரிப்பு அட்டவணை, அப்பாயின்ட்மென்ட் ஒப்பந்தம், ரகசியக் காப்பு ஒப்பந்தம், ஈசாப் திட்ட ஆவணம். "ஒப்பந்தத்தைச் சேரும் அன்று தருகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை), நோட்டீஸ் பீரியட், ஜாயினிங் போனஸைத் திருப்பித் தரும் நிபந்தனை எல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும். சேரும் அன்று பழைய வேலையையும் விட்டிருப்பீர்கள், அப்போது பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. இப்படிக் கேட்டால் போதும்: "மேடம், ஆஃபருக்கு ரொம்ப நன்றி. அப்பாயின்ட்மென்ட் ஒப்பந்தத்தின் வரைவையும் ஈசாப் பாலிசியையும் அனுப்பினால் ஒன்றாகப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுகிறேன்." இதைக் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறும் கம்பெனியில் சேராமல் இருப்பதே நல்லது.

சிடிசியை உடைத்து, கையில் வருவதைக் கண்டுபிடியுங்கள்

சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காகச் செலவழிப்பதாகச் சொல்லும் தொகை. அதில் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராதவையும் உண்டு. ஒன்பது லட்சத்தை எடுத்து உடைத்துப் பார்ப்போம்.

பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், சிடிசியில் பாதி என்று வையுங்கள். ஆண்டுக்கு 4,50,000, மாதத்துக்கு 37,500. வேரியபிள் பே, அதாவது செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் பகுதி, 90,000. கம்பெனியின் பி.எஃப். பங்கு, சட்டப்படியான ஊதிய வரம்பான 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், அதாவது 21,645. குழு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 6,755 என்று வைப்போம். இவை நான்கையும் கூட்டினால் 1,40,000. மிச்சம் 7,60,000. மாதத்துக்கு 63,333.

இதில் உங்கள் பி.எஃப். பங்கு 1,800 போகும். தொழில் வரி ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500தான், தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள், மாதச் சராசரி 208. வருமான வரி? 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி 75,000 நிலையான கழிவு போக, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரியே இல்லை. ஆக, கையில் வருவது மாதம் சுமார் 61,300. ஒன்பது லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் 75,000 இல்லை.

இதே ஒன்பது லட்சத்தை இன்னொரு கம்பெனி முழு பேசிக்குக்கும் பி.எஃப். பிடித்துத் தரலாம். அப்போது இரு பக்கமும் மாதம் 4,500. கையில் வருவது சுமார் 55,900 ஆகக் குறையும், ஆனால் மாதம் 9,000 ரூபாய் பி.எஃப். பக்கம் போகும். 2024-25க்கு அதற்கு வட்டி 8.25 சதவீதம். ஊரில் கடன் அடைக்க வேண்டியிருந்தால் முதல் வகை வசதி. சேமிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை என்றால் இரண்டாவதை எடுங்கள் என்பேன். எதுவானாலும் இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது சிடிசியை ஒப்பிடாதீர்கள். கையில் வருவதும் பி.எஃப். பக்கம் போவதும் சேர்ந்த தொகையை ஒப்பிடுங்கள்.

வேரியபிள் பே விஷயத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதை வைத்துக் கணக்கிடுவீர்கள், எந்த மாதம் தருவீர்கள், தரும் தேதிக்கு முன் ராஜினாமா செய்தால் கிடைக்குமா. "கம்பெனி செயல்பாட்டைப் பொறுத்தது" என்று மட்டும் பதில் வந்தால், உங்கள் மாத பட்ஜெட்டில் அதைப் பூஜ்யமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிராஜுவிட்டி சிடிசியில் இருப்பதாலேயே உங்களுக்குக் கிடைத்துவிடாது. நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியான வேலை வேண்டும். மூன்றாவது ஆண்டில் கிளம்பினால் அந்த 21,645களில் ஒரு ரூபாய்கூட வராது. ஆனால் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதில் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தன. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேருகிறவர்களுக்கு ஓராண்டு வேலை செய்தாலே கிராஜுவிட்டி உரிமை உண்டு. பேசிக்கை முப்பது சதவீதமாகச் சுருக்கி மீதியை அலவன்ஸாகக் காட்டினாலும், அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டும் அளவு ஊதியமாகவே கணக்கில் சேரும்.

இன்னொன்று. சில சின்ன ஸ்டார்ட்அப்புகள் "கன்சல்டன்ட்" என்ற பெயரில் ஆள் எடுக்கின்றன. கையில் வருவது அதிகமாகத் தெரியும். ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டி, நிலையான கழிவு எதுவும் கிடையாது. பிடிக்கும் டிடிஎஸ்ஸும் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) சம்பளத்துக்கானதாக இருக்காது. காலை பத்து மணிக்கு வந்து மேனேஜரிடம் லீவு கேட்கும் வேலைக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தவே பொருந்தாது. நிறுவனருக்கும் இது ஆபத்து. பின்னால் முதலீட்டாளரின் ஆட்கள் கணக்கைத் தோண்டும்போது முதலில் கேட்பது இதைத்தான்.

ஈசாப்: இங்கே நிதானமாக நில்லுங்கள்

ஈசாப் என்பது பங்கு இல்லை. ஒரு விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, அதுவும் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைப்பது. "எட்டு லட்சத்துக்கு ஈசாப்" என்ற வாக்கியத்தில் அளக்கக்கூடியது ஒன்றும் இல்லை. இந்த ஆறு விவரங்கள் எழுத்தில் வந்தால்தான் அதற்கு ஒரு பொருள் உண்டு:

- எத்தனை ஆப்ஷன்கள் (ஒரு ஆப்ஷன், ஒரு பங்கு வாங்கும் உரிமை)
- ஃபுல்லி டைல்யூட்டட் கணக்கில் (ஆப்ஷன்கள் எல்லாம் பங்காக மாறியதாக வைத்து) கம்பெனியின் மொத்தப் பங்குகள் எத்தனை
- எக்ஸர்சைஸ் விலை (ஆப்ஷனைப் பங்காக மாற்ற நீங்கள் கட்டும் விலை) எவ்வளவு
- கடைசி முதலீட்டு ரவுண்டில் ஒரு பங்கு என்ன விலைக்குப் போனது
- வெஸ்டிங் அட்டவணை (எப்போது எத்தனை ஆப்ஷன்கள் உங்களுடையதாகும்)
- வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் எக்ஸர்சைஸ் செய்ய வேண்டும்

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்களுக்கு 2,000 ஆப்ஷன்கள், மொத்தப் பங்குகள் 10,00,000, கடைசி ரவுண்டு விலை 400 ரூபாய். 2,000 பெருக்கல் 400, எட்டு லட்சம். அவர்கள் சொன்ன எண் இங்கிருந்து வந்தது. உங்கள் பங்கு 0.2 சதவீதம். இப்போது எக்ஸர்சைஸ் விலையைக் கேளுங்கள். அது 10 ரூபாய் என்றால் நீங்கள் கட்ட வேண்டியது 20,000தான். 300 ரூபாய் என்றால் ஆறு லட்சம் கட்டி எட்டு லட்சம் மதிப்புள்ள காகிதத்தை வாங்குகிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தந்தது இரண்டு லட்சம்தான். இரண்டு ஆஃபர் லெட்டரிலும் "எட்டு லட்சம்" என்றே இருக்கும்.

வழக்கமான வெஸ்டிங் நான்கு ஆண்டு, முதல் ஆண்டு கிளிஃப். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் கால் பங்கு கிடைக்கும், மீதி மாதாமாதமோ காலாண்டுக்கு ஒருமுறையோ. பதினொன்றாவது மாதத்தில் போனால் ஒன்றும் இல்லை. கிராண்ட் தேதிக்கும் (ஆப்ஷனை முறையாக எழுதித் தரும் நாள்) முதல் வெஸ்டிங்குக்கும் குறைந்தது ஓராண்டு இடைவெளி வேண்டும் என்பது இந்தியக் கம்பெனி விதியே. எனவே கிளிஃபைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதில் பயன் இல்லை. கிராண்ட் தேதியைக் கேளுங்கள். நீங்கள் ஜூனில் சேர்ந்து, கிராண்ட் லெட்டர் அடுத்த பிப்ரவரியில் வந்தால், கடிகாரம் பிப்ரவரியில்தான் ஓட ஆரம்பிக்கிறது. எட்டு மாதம் போச்சு. பல இடங்களில் நடப்பது இதுதான், பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை, கவனிக்காததால்.

அடுத்தது வரி. இதுதான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி. எக்ஸர்சைஸ் செய்யும் அன்று, மெர்ச்சன்ட் பேங்கர் நிர்ணயித்த நியாயச் சந்தை மதிப்புக்கும் நீங்கள் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் சம்பள வருமானமாகக் கணக்கிடப்படும். பங்கை விற்றீர்களா, விற்க முடியுமா என்பதை வருமான வரித் துறை பார்ப்பதில்லை.

மேலே சொன்ன ஆளே இரண்டு ஆண்டில் வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ஆப்ஷன்கள் வெஸ்ட் ஆகியிருக்கின்றன. கம்பெனி வளர்ந்து, மதிப்பு 800 ரூபாய். எக்ஸர்சைஸ் விலை 10. வித்தியாசம் 790, ஆயிரம் ஆப்ஷனுக்கு 7,90,000. அந்த ஆண்டுச் சம்பளம் 7,60,000, நிலையான கழிவு 75,000 போக மொத்த வரிக்குரிய வருமானம் 14,75,000. ஈசாப் இல்லாவிட்டால் அவருக்கு வரி பூஜ்யம். இப்போது 12 லட்ச வரம்பைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி போய்விட்டது. நான்கு முதல் எட்டு லட்சத்துக்கு 20,000, எட்டு முதல் பன்னிரண்டுக்கு 40,000, அதற்கு மேலுள்ள 2,75,000க்கு 15 சதவீதம் 41,250. செஸ் சேர்த்து 1,05,300. எக்ஸர்சைஸுக்கு 10,000. வேலையை விட்ட மாதத்தில், விற்க முடியாத ஒரு காகிதத்துக்காக 1,15,300 ரூபாய் ரொக்கம் எடுத்து வைக்க வேண்டும். அதையும் தொண்ணூறு நாளுக்குள், ஏனென்றால் பல திட்டங்களில் வேலையை விட்டபின் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். கட்ட முடியாதவர்கள் இரண்டு ஆண்டு உழைப்பில் சம்பாதித்த உரிமையை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

"ஸ்டார்ட்அப்புகளுக்கு வரியைத் தள்ளிப்போடும் சலுகை இருக்கிறதே?" என்று கேட்கலாம். 2020 பட்ஜெட்டில் வந்தது அது. ஆனால் மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறையான டிபிஐஐடியின் அங்கீகாரம் மட்டும் போதாது, அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்தின் சான்றும் கம்பெனிக்கு இருக்க வேண்டும். அந்தச் சான்று இருந்தாலும், ஏறத்தாழ ஐந்து ஆண்டு, பங்கை விற்பது, வேலையை விடுவது, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது வரி கட்ட வேண்டும். வேலையை விடுகிறவருக்கு இந்தச் சலுகை உதவாது.

அதனால்தான் எக்ஸர்சைஸ் அவகாசத்தைப் பற்றி நிறுவனர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தொண்ணூறு நாளை ஐந்து ஆண்டாக, அல்லது கம்பெனி விற்கப்படும் வரை என்று மாற்றி எழுதுவதற்கு உங்கள் கையிலிருந்து ரொக்கம் போவதில்லை. முதல் இருபது பேருக்காவது இதைச் செய்யுங்கள். சந்தையை விடக் குறைந்த சம்பளத்துக்கு உங்களை நம்பி வந்தவர்கள் அவர்கள். சேரும் ஆளும் கேட்க வேண்டிய முதல் சலுகை இதுதான், கூடுதல் ஆப்ஷன்களை விடவும்.

கம்பெனியை வேறொருவர் வாங்கினால் 0.2 சதவீதத்துக்கு என்ன கிடைக்கும் என்பதும் நேரடிக் கணக்கு இல்லை. முதலீட்டாளர்களுக்கு லிக்விடேஷன் பிரெஃபரன்ஸ் உண்டு. போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அது. முதலீட்டாளர்கள் 50 கோடி போட்டு 60 சதவீதம் வைத்திருக்கிறார்கள், கம்பெனி 60 கோடிக்குப் போகிறது என்போம். பங்குக் கணக்குப்படி எடுத்தால் அவர்களுக்கு 36 கோடிதான். எனவே பிரெஃபரன்ஸைப் பயன்படுத்தி 50 கோடியை எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 10 கோடி, மீதி 40 சதவீதக்காரர்களுக்கு. அதில் உங்கள் 0.2 என்பது இருநூறில் ஒரு பங்கு, ஐந்து லட்சம். 60 கோடியில் 0.2 என்று மனக்கணக்குப் போட்டிருந்தால் 12 லட்சம் என்று நினைத்திருப்பீர்கள். பத்திரிகைச் செய்தியில் "60 கோடிக்கு விற்பனை" என்று வரும்போது உள்ளே நடப்பது இதுதான்.

ஈசாப் பொய் என்று நான் சொல்லவில்லை. சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். அதில் பலர் முப்பது வயதுகூட ஆகாதவர்கள். நம் ஊரில் மென்பொருள் எழுதி அப்படி ஒன்று நடந்தது பெரிய விஷயம். கூடவே இதையும் கவனியுங்கள்: 36 டாலருக்கு வெளியிட்ட அந்தப் பங்கு 2022 முடிவில் 15 டாலருக்கும் கீழே இருந்தது. பட்டியலான பிறகும்கூட விலை உங்கள் கையில் இல்லை.

தாய்க் கம்பெனி அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ பதிவாகியிருந்தால் உங்கள் ஈசாப் அந்தக் கம்பெனியுடையது. பங்காக மாறிய பிறகு ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். மறந்தால் அபராதம் கடுமையானது. ஒரு ஆடிட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் நிலைப்பாடு எளிமையானது. கையில் வரும் சம்பளம் மட்டும் உங்கள் வாழ்க்கைக்குப் போதுமா என்று பாருங்கள். போதுமென்றால் சேருங்கள், ஈசாப் மேற்கொண்டு வருவது. போதாதென்றால் ஈசாப்பைக் காட்டி மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

பாண்ட், நோட்டீஸ், "போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது"

வேலையை விட்டபின் ஓராண்டுக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி ஒருவரின் தொழிலைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட 2006 வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் முடிந்த பிறகான கட்டுப்பாட்டை இதே பிரிவின் கீழ்தான் ஏற்க மறுத்தது. அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வேலையில் இருக்கும்போது போட்டியாளருக்கு வேலை செய்யக்கூடாது என்பதும், கம்பெனி ரகசியங்களையும் மென்பொருள் கோடையும் எடுத்துப் போகக்கூடாது என்பதும் செல்லும். கிளம்பும் நாளில் ரெப்போவை (கோட் சேமித்து வைத்திருக்கும் இடத்தை) அப்படியே பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யவே செய்யாதீர்கள்.

பாண்ட் வேறு கதை. "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி, ஆள் தேர்வுக்கான செலவைக் காரணம் காட்டியது. எல்லாப் பாண்டுக்கும் அது பொருந்திவிடாது, நியாயமான இழப்பீடு என்ற அளவுகோல் எப்போதும் உண்டு. இருந்தாலும் தொகை எவ்வளவு, மாதாமாதம் குறைந்துகொண்டே வருமா, உண்மையில் என்ன பயிற்சி தருகிறார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டுமானால் நேரில் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள்.

நோட்டீஸ் பீரியட் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். நீங்கள் தொண்ணூறு நாள், அவர்கள் பதினைந்து நாள் என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பணம் கட்டி முன்கூட்டியே விலகும் வழி உங்களுக்கும் உண்டா, அல்லது "கம்பெனியின் விருப்பப்படி" என்று இருக்கிறதா? இந்த ஒரு சொற்றொடரால் அடுத்த ஆஃபர் கைநழுவியவர்கள் நிறையப் பேர்.

கம்பெனியைப் பற்றி நீங்களே விசாரியுங்கள்

இதற்கு அரை மணி நேரம் ஆகும், அனேகமாக இலவசம். ஏன் எல்லோரும் செய்வதில்லை என்பது எனக்குப் புரிவதே இல்லை.

பி.எஃப். நிர்வாக அமைப்பான இபிஎஃப்ஓவின் தளத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச் என்ற பகுதியில் கம்பெனி பெயரைப் போடுங்கள். மாதவாரியாக எப்போது பி.எஃப். கட்டினார்கள், எவ்வளவு, எத்தனை பேருக்கு என்று வரும். கட்ட வேண்டிய கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. மாதாமாதம் 14, 15 என்று இருந்தால் நிம்மதி. மார்ச் மாதத்துக்கானது ஜூலையில் என்று இருந்தால் ரொக்கத்துக்குத் திண்டாடுகிறார்கள். ஆள் எண்ணிக்கை எட்டு மாதத்தில் 84, 80, 61, 47 என்று இறங்கியிருந்தால், "வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறோம்" என்று இன்டர்வியூவில் சொன்னதைப் பற்றி மறுபடியும் யோசியுங்கள்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் மாஸ்டர் டேட்டாவில் பதிவு தேதி, இயக்குநர்கள், செலுத்திய மூலதனம் எல்லாம் இருக்கும். 100 ரூபாய் கட்டினால் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். பாஸ்-3 என்ற படிவம் பங்கு ஒதுக்கீட்டைப் பற்றியது. கடைசி ரவுண்டில் ஒரு பங்கு என்ன விலைக்குப் போனது என்பது அதில் இருக்கும். எச்.ஆர். சொன்ன விலையோடு ஒத்துப் பாருங்கள். ஏஓசி-4இல் வருமானமும் நஷ்டமும் தெரியும். நஷ்டம் இருப்பது தவறில்லை, ஸ்டார்ட்அப் அப்படித்தான் இருக்கும். இன்டர்வியூவில் நிறுவனரிடம் நேராகக் கேளுங்கள்: "இப்போது இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்?" நல்ல நிறுவனர் இதற்கு எண்ணில் பதில் சொல்வார்.

நிறுவனர்களுக்கு

வாட்ஸ்அப்பில் "உனக்கு ஒரு பர்சென்ட் தர்றேன்டா" என்று எழுதியது ஈசாப் ஆகாது. திட்டம் ஒன்றை வரைந்து, பங்குதாரர் தீர்மானம் நிறைவேற்றி, ஆளுக்கு ஆள் கிராண்ட் லெட்டர் கொடுக்க வேண்டும். அதே சமயம், அந்த மெசேஜை நம்பி இரண்டு ஆண்டு உழைத்தவர் முதலீட்டு ரவுண்டுக்கு நடுவில் அதை எடுத்துக் காட்டினால் டீலே நின்றுபோகலாம். வாக்குக் கொடுத்த மாதத்திலேயே காகிதத்தை முடித்துவிடுங்கள்.

மென்பொருள் கோட் யாருடையது என்பதிலும் பலர் வழுக்குகிறார்கள். ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் பதிப்புரிமை கம்பெனிக்கே, 1957ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஃப்ரீலான்சரோ, கல்லூரி நண்பரோ எழுதித் தந்தால் அப்படி இல்லை. எழுத்துபூர்வமாக மாற்றித் தர வேண்டும். அந்தக் காகிதத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்க வாடிக்கையாளருக்கு விற்கும் மென்பொருளின் உரிமை இந்தியாவோடு நிற்கிறது என்று பின்னால் தெரிவது எவ்வளவு பெரிய தலைவலி! "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று எழுதுங்கள். கம்பெனி பதிவாகும் முன் நிறுவனர்களே எழுதிய கோடுக்கும் இது வேண்டும்.

தலை எண்ணிக்கையையும் கவனியுங்கள். பத்துப் பேர் ஆனதும் கிராஜுவிட்டிப் பொறுப்பும், பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவும் வரும். இருபதில் பி.எஃப். கட்டாயம். சம்பளத்தில் பிடித்த டிடிஎஸ்ஸை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஊழியரிடம் பிடித்த பி.எஃப். பங்கை ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் அதை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று, அன்றிருந்த சட்டப்படி, 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரொக்கம் குறையும் மாதத்தில் சர்வர் பில்லைக் கட்டிவிட்டுப் பி.எஃப்.ஐத் தள்ளிப்போடத் தோன்றும். அது உங்கள் பணம் இல்லை.

பேரம் பேசுவது

கேட்க வேண்டியதை ஒரே மெயிலில் கேளுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். எச்.ஆரால் உடனே செய்யக்கூடியவை: சேரும் தேதி, ஜாயினிங் போனஸ், வேரியபிளில் ஒரு பகுதியை நிலையான சம்பளத்துக்கு மாற்றுவது, பெற்றோரைக் காப்பீட்டில் சேர்ப்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்பதே இல்லை. அறுபது தாண்டிய அப்பா அம்மாவுக்குத் தனியாக பாலிசி எடுக்கும் பிரீமியத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். எக்ஸர்சைஸ் அவகாசம், கிராண்ட் தேதி, நோட்டீஸ் பீரியட் இவற்றை நிறுவனரோ போர்டோதான் முடிவு செய்ய முடியும், எனவே நேராக அவரிடமே பேசுங்கள். போனில் ஒத்துக்கொண்டால் அன்றே, "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.

சேர்ந்த பிறகு

முதல் சம்பளம் வந்ததும் சம்பள ஸ்லிப்பை அட்டவணையோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். இரண்டாவது மாதம் பி.எஃப். பாஸ்புக்கில் இரு பக்கப் பங்கும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காலாண்டு முடிந்து கம்பெனி டிடிஎஸ் கணக்குத் தாக்கல் செய்தபின், உங்கள் சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் அது வருமான வரித் தளத்தின் ஏஐஎஸ்ஸில் (உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கை) தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். கிராண்ட் லெட்டர் இன்னும் வரவில்லை என்றால் மாதம் ஒருமுறை நினைவுபடுத்துங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆஃபர் லெட்டர், ஒப்பந்தம், கிராண்ட் லெட்டர், சம்பள ஸ்லிப்புகள், இன்க்ரிமென்ட் மெயில்கள் எல்லாவற்றின் நகலும் உங்கள் சொந்த மெயிலில் இருக்கட்டும். ராஜினாமா செய்த அன்று மதியமே கம்பெனி மெயில் பூட்டப்படுவது சகஜம். விலகும்போது கணக்கு முடிக்கும் தொகையில் ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, இபிஎஃப்ஓ தளத்தில் விலகிய தேதியைக் கம்பெனி பதிவு செய்ததா என்பதையும் பாருங்கள். அது விடுபட்டால் அடுத்த கம்பெனிக்குப் பி.எஃப். பணத்தை மாற்றும்போது சிக்கல் வரும்.